முதல் ஆற்று முதலை

கோயமுத்தூர் கணபதியில், பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் கடைக்கு மேல்மாடியில், பதினோரு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டை நடத்தி வந்தார்கள். செல்போனில் ஆடுவது. ‘ஏழாறு’ என்று பெயர்.

கையில் ஒரு கம்பைக் கொடுத்து முதல் ஆற்றங்கரையில் இறக்கிவிடுவார்கள். அடித்து, அடிபட்டு, செத்து, எழுந்து, ஏழாம் ஆற்றைக் கடந்தால் எழுபதாவது லெவல். அதற்கு மேல் நிலம் கிடையாது.

ஆறு வருஷத்தில் எழுபதைத் தொட்டவர்கள் ஏராளம். தொட்டுவிட்டுச் சும்மா நின்றார்கள். சும்மா நிற்கிறவன் எத்தனை நாள்தான் நிற்பான்? அதனால் எட்டாவதாக ஓர் ஆறு வெட்டுவது என்று முடிவாயிற்று.

எந்த எதிரி எத்தனை அடி தாங்குவான், எத்தனை அடி கொடுப்பான் என்று எடை போட்டுச் சொல்கிற வேலை கோகிலவாணியுடையது. முப்பத்தேழு வயது. ஏழு ஆற்றையும் எடை போட்டவள் அவள்தான்.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் சென்னியப்பன். ஐம்பதுக்கு ஒன்று குறைவு. சோமனூரில் தறி மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஓய்ந்த நேரத்தில் ஏழாறு ஆடுவார். ஆடிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். நாலாம் ஆற்றுப் பாம்பு எட்டடி தாங்குவது அநியாயம், ஏழடி போதும் என்று காரணத்தோடு கம்பெனிக்கு எழுதுவார். இருபத்திரண்டு கடிதம் வந்த பிறகு, இந்த மனுஷனை வெளியே விட்டுவைப்பதை விட உள்ளே வைத்துக்கொள்வது மேல் என்று கோகிலவாணி கூப்பிட்டுக்கொண்டாள்.

குருவை விடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது அதிகம். அதில் இருவருக்கும் கூச்சமில்லை. அவர் அவளை அம்மணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். திட்டும்போதும் அப்படித்தான்.

எட்டாம் ஆற்றை அவள் அவரிடம் கொடுத்தாள்.

“ஆறு மாசம் எடுத்துக்கங்கண்ணா. நான் எட்டிப் பாக்க மாட்டேன். கடைசியில பாப்பேன். சரின்னு பட்டா உங்க பேருல திறக்கலாம். படலைன்னா திறக்க மாட்டேன்.”

ஒவ்வோர் ஆற்றிலும் நுழையும்போது திரையில் ஒரு வரி வரும்: எடை, கோகிலவாணி. எட்டாவதில் தன் பெயர் வரப்போவதை சென்னியப்பன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம்.

ஆறு மாசம் முடிந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு என்று நாள் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“பழைய ஆளுக்குப் பலம் ஜாஸ்தி. புது ஆளுக்குக் கம்மி. ஆத்தைப் பழைய ஆளுக்குத் தக்க வெட்டுனா, புது ஆளு முங்கிச் சாவான். புது ஆளுக்குத் தக்க வெட்டுனா, பழைய ஆளு முழங்கால் தண்ணியில நடந்து போயிருவான். ஒவ்வொரு ஆறு வர்றப்பவும் இதே தகராறுதானுங்களே?”

“ஆமாங்கண்ணா.”

“நீங்க என்ன பண்ணுனீங்க? ஒவ்வொரு ஆத்துலயும் முன்னதை விடக் கூர்மையான அருவா குடுத்தீங்க. ஏழாம் ஆத்து மீன்காரி கூடையில கெடக்கற அருவா, ஆறாம் ஆத்து ராசா வாளை விடக் கூர்மை. அந்த வாளுக்கு எட்டு மாசம் அலைஞ்சவன் என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்குதுங்களா?”

“என்னையத்தான் மீன்காரின்னு சொன்னான்.”

“நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலீங்க. எதிரியை அளக்க வெச்சுட்டேன். முன்னால வந்து நிக்கற ஆளு எவ்வளவு ஒசரமோ, எதிரியும் அவ்வளவு ஒசரம். எழுபதாவது லெவலா, அவனும் எழுபது. ஏழாவதா, ஏழு. எட்டாம் ஆத்துல மட்டும் இல்லீங்க, எல்லா ஆத்துலயும். பழைய கரையெல்லாம் ஆளில்லாம ஈ ஓட்டிட்டுக் கெடக்குது. இனிமே அங்கயும் சண்டை போடலாம்.”

இருநூறு பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரமாக ஆடவிட்டிருந்தார். அதன் முடிவு திரையில் இருந்தது. பத்துச் சண்டைக்கு ஆறு வெற்றி, நாலு தோல்வி. புதியவனுக்கும் அதே. பழையவனுக்கும் அதே. இடமிருந்து வலமாக ஒரே நேர்க்கோடு. மோட்டார் சுத்தமாக ஓடும்போது மீட்டர் முள் இப்படித்தான் ஆடாமல் நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

“சரியா இருக்குதுங்களா அம்மணி?”

அவள் எட்டாம் ஆற்றுப் படித்துறையைத் திரையில் கொண்டுவந்தாள். நாற்பது ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் எழுபதாவது லெவல் சூரர்கள். ஒருவன் உடம்பிலும் கவசம் இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, கையில் முதல் நாள் கொடுத்த கம்பு.

“குளிக்கவாங்கண்ணா வந்திருக்காங்க?”

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆளின் லெவலை எதிரி அளப்பது உடம்பில் மாட்டியிருப்பதை வைத்துத்தான். கவசத்தைக் கழற்றினால் எதிரியும் சூம்பிப் போகிறான். யாரோ ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடித்திருக்கிறான். மற்றவர்களும் அவிழ்த்துவிட்டார்கள்.

“ஓட்டைங்க. இன்னிக்கே அடைச்சுப்போடறேன்.”

அடைத்தார். மாட்டியிருப்பதோடு பெட்டியில் வைத்திருப்பதையும் சேர்த்து அளக்கச் செய்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் படித்துறையெங்கும் வாளும் கேடயமும் இறைந்து கிடந்தன. பெட்டியில் இருந்தால்தானே அளப்பாய் என்று வீசிவிட்டார்கள். வருஷக்கணக்கில் அலைந்து சேர்த்தவை.

அதையும் அடைத்தார். இன்றுவரை ஓர் ஆள் என்னென்ன வைத்திருந்தானோ அத்தனையையும் அளக்கச் செய்தார்.

புதன்கிழமை காலையில் படித்துறை காலி. இருநூறு பேரில் பாதிப்பேர் பழைய ஆளை அப்படியே விட்டுவிட்டு, புதுப் பெயரில், கம்பும் கையுமாக முதல் ஆற்றங்கரையில் வந்து பிறந்திருந்தார்கள்.

சென்னியப்பன் முடிவைத் திறந்து பார்த்தார். பத்துக்கு ஆறு.

“அப்பவும் பாருங்க அம்மணி, கோடு அசையல.”

“ஆமாங்கண்ணா. அது மட்டும்தான் நின்ன எடத்துல நிக்குது.”

சொல்லிவிட்டு அவள் ஒரு கடிதத்தை அவருக்கு அனுப்பினாள். இருநூறு பேரில் ஒருத்தி எழுதியது. பெயர் இசக்கிச்செல்வி. சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை. இரண்டே வரி: ‘கஷ்டமாவும் இல்ல, லேசாவும் இல்ல. அதனால போறேன்.’

“என்னங்க இது, ஒண்ணும் புரியலையே?”

“அவங்களையே கேளுங்க. நம்பர் இருக்குது.”

கூப்பிட்டார். மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம்.

“யாரு?”

“ஏழாறு கம்பெனியில இருந்து பேசறேனுங்க. சென்னியப்பன்.”

“கோயம்புத்தூராக்கும். அதான் மூச்சுக்கு ஒரு ‘ங்க’ போடுதிய. சொல்லுங்க அண்ணாச்சி. ஏ, ரெண்டு பக்கமும் எடுக்கணுமா, ஒரு பக்கம் போதுமா? உங்களக் கேக்கல அண்ணாச்சி.”

“எங்க சிரமமா இருக்குதுன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிப்போடறேனுங்க.”

“சிரமமா இருக்குன்னு நான் எழுதலயே.”

“அப்ப சுலபமா இருக்குதுங்களா?”

“அப்பிடியும் எழுதல.”

“பின்ன ஏனுங்க போறீங்க?”

மெஷின் நின்றது.

“எங்க கடை தாலுகா ஆபீஸ் வாசல்ல இருக்கு அண்ணாச்சி. உள்ள வாங்குன ஏச்ச சனங்க எங்கிட்ட வந்துதான் எறக்கும். கருப்பா விழுந்துட்டு, கோணலா விழுந்துட்டுன்னு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தியானம் சோத்தத் தின்னுட்டு மொத ஆத்துக்குப் போவேன். முதலை வரும். ஒரே போடு. வந்து கடையத் தெறந்துருவேன்.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான். எழுவதாவது லெவலுக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. வேற எங்கயும் போறதில்ல. அந்த முதலை மொதல்ல என்னய எத்தன நாளு தின்னுச்சு தெரியுமா? பதினேழு நாளு. நான் அழுதுருக்கேன். போன வாரம் போறேன், எந்திரிச்சு நிக்கி, என் ஒசரத்துக்கு! இருவது நிமிசம் சண்ட. வெளிய வரிசை நிக்கி, கதவத் தட்டுதான். கடைசில நான்தான் செயிச்சேன், அது வேற விசயம்.”

“செயிச்சீங்கல்லங்க?”

“செயிச்சேன். அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அதுக்கு என்னய அடையாளம் தெரியலியா?”

முதலைக்கு ஆளைத் தெரியாது, லெவலைத்தான் தெரியும் என்று சொல்ல சென்னியப்பன் வாயெடுத்தார். அதற்குள் யாரோ ஆதார் நகல் நாலு என்றார்கள். “வச்சிருதேன் அண்ணாச்சி” என்று அவள் வைத்துவிட்டாள்.

அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“இருநூறுல ஒருத்தருங்க. சோத்துக்கு அப்புறம் வெத்தலை போடற மாதிரி முதலை அடிக்கறவங்க. அவங்க ஒருத்தருக்காக எட்டு ஆத்தையும் திருப்ப முடியுங்களா?”

“திருப்ப வேண்டாங்கண்ணா. உங்க ஆளு எங்க?”

“எந்த ஆளுங்க?”

“இத்தனையும் ஆடிப் பாத்தீங்களே, அந்த ஆளு.”

திறந்து காட்டினார். நூற்று நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். பேர் கிடையாது, நம்பர்தான்.

“இவங்கள்ல முதலைகிட்டச் செத்தவங்க யாரு?”

“எப்படிங்க சாவாங்க? எழுபதாவது லெவல் ஆளு வேணும்னா பட்டனை அமுக்குவேன். பொறக்கறப்பவே எழுபதாவதுலதான் பொறப்பான்.”

“வேலை முடிஞ்சதும்?”

“அழிச்சுப்போடுவேன்.”

அவள் அந்த நம்பர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“சோமனூர்ல இருக்கறப்ப ஒருத்தனை வெச்சிருந்தீங்களே. அவனை எடுங்க.”

வைத்திருந்தார். ‘தறிகெட்டவன்’ என்று பெயர். மோட்டார் சூடு ஆறும்வரை காத்திருக்கும் நேரத்தில், அரைமணி, கால்மணி என்று ஆடி எழுபதுக்குக் கொண்டுவந்த ஆள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனைத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் சமைக்கிறவனுக்குத் தன் வீட்டில் பசிப்பதில்லை.

ரகசியச் சொல் மறந்துபோயிருந்தது. மூன்றாவது முறையில் திறந்தது. தறிகெட்டவன் ஏழாம் ஆற்றின் அக்கரையில் நின்றான். விட்ட இடத்தில், விட்டபடி, தோளில் வாளோடு.

“எங்க போகட்டுங்க?”

“முதல் ஆத்துக்கு.”

போனார். வழி கைக்குத் தெரிந்திருந்தது. நாணல் புதருக்கு இடது பக்கம் தண்ணீர் கலங்கியது. கொசுவை அடிக்கிறவன் மாதிரி, பார்க்காமலே ஒரு வீச்சு வீசினார்.

முதலை சாகவில்லை. எழுந்து நின்றது. தறிகெட்டவனின் உயரத்துக்கு இருந்தது.

பதினோரு நிமிஷம் ஆயிற்று. தறிகெட்டவன் செத்தான்.

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இன்னொருக்கா,” என்றார் அவராகவே. இந்த முறை ஜெயித்தார். அடுத்த முறை தோற்றார். அவள் எழுந்து போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். அவருடைய டீ ஆடை கட்டியது. மறுபடி தோற்றார். மறுபடி ஜெயித்தார். ஜெயித்தபோதும் முகத்தில் ஒன்றுமில்லை.

“ஏனுங்க அம்மணி, இவன் எழுபதாவது லெவலுங்க!”

“ஆமா.”

“இது முதல் ஆத்து முதலைங்க!”

“ஆமாங்கண்ணா. பத்துக்கு ஆறு வருதுங்களா?”

அவர் செல்போனைக் கீழே வைத்தார்.

முதன்முதலாக இதே முதலை இதே வாளின் ஒரே வீச்சில் விழுந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. தறிக்கூடத்தில் தனியாக இருந்தார். எழுந்து நின்றார். சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும், முதலையைக் கொன்றேன் என்றால் யார் கேட்பார்கள்? ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்றை நிறுத்தினார். ஒரு காரணமும் இல்லாமல் அதை மறுபடி போட்டார். அவ்வளவுதான் அன்றைய கொண்டாட்டம்.

“முதலையை மட்டும் பழையபடி விட்டுட்டாப் போதுங்களா?”

“அந்தம்மாவுக்கு முதலை. மத்தவங்களுக்கு எதுன்னு தெரியுங்களா?”

தெரியாது. கீழே கடையில் யாரோ பம்ப்செட்டை ஓட்டிப் பார்த்தார்கள். மாடி லேசாக அதிர்ந்து அடங்கியது.

“சரிங்க. எல்லாத்தையும் பழையபடி விட்டுட்டேன்னே வெச்சுக்கங்க. புதுசா வர்றவங்க எட்டாம் ஆத்துக்கு எப்ப வந்து சேருவாங்க? ஆறு வருசம் நடக்கச் சொல்றீங்களா?”

“ஏழாம் ஆறு திறந்தப்ப நான் படகு விட்டேன்.”

“தெரியுங்க. புது ஆளை ஏத்தி நேரா ஏழுல கொண்டுபோய் எறக்குனீங்க.”

“தொண்ணூறு பேரு ஏறுனாங்க. நாலாவது நாளு எத்தனை பேரு இருந்தாங்க?”

“ஏழு பேருன்னு கேள்விங்க.”

“மூணு பேரு. மத்த நாலும் நம்ம ஆபீஸ்.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

“அருவா குடுத்தா ஆகாது. படகு விட்டா ஆகாது. அளந்தாலும் ஆகாது. வழிதான் என்னங்க அம்மணி?”

“எனக்குத் தெரியாதுங்கண்ணா. தெரிஞ்சிருந்தா உங்களை எதுக்கு ஆறு மாசம் உக்கார வெக்கறேன்?”

அவள் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். ஆறு மாசத்து வேலை முழுக்க ஒரே பட்டியலில் இருந்தது. ஆயிரத்து இருநூறு எதிரிகள். ஒவ்வொருவன் பேருக்கு எதிரேயும், எதிரில் நிற்பவனைப் பார்த்து அளந்துகொள் என்று ஒரு முடிச்சு. முதலையின் முடிச்சை அவிழ்த்தார். பாம்பின் முடிச்சை அவிழ்த்தார். ஆறாம் ஆற்று ராஜாவிடம் வந்தபோது கை நின்றது. அதை மட்டும் சரியாகக் கொண்டுவர மார்கழி முழுக்கப் போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். இப்படியே விட்டால்கூடத் திறக்கலாம் என்று அவளிடம் வாதாடிப் பார்க்கலாம். வாதாட அவருக்கு நன்றாக வரும்.

அதையும் அவிழ்த்தார். பிறகு நிற்கவில்லை; மீதியை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து உருவிவிட்டார்.

எழுந்து அவள் மேஜைக்குப் போனார்.

“எடுத்துட்டேனுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“பிரதி?”

“வெச்சிருந்தேன். இருந்தா மறுபடி போட்டுப்போடுவேன்னு அதையும் அழிச்சுட்டேன்.”

அவள் தலையசைத்தாள்.

“வெள்ளிக்கிழமை எட்டாம் ஆறு திறக்காதுன்னு அறிவிப்பு எழுதுங்க. எப்பன்னு எங்களுக்கே தெரியாதுன்னு எழுதுங்க. கீழ உங்க பேரைப் போடுங்க.”

“எம்பேரையா? திட்டுவாங்களே அம்மணி.”

“திட்டட்டும். ஏழு ஆத்துக்கும் நான் வாங்கியாச்சு.”

எழுதினார். நாலு வரிதான். கீழே பெயரைப் போட்டார்: எடை, சென்னியப்பன். ஆறு மாசமாகப் பார்க்க ஆசைப்பட்ட வரி. இரண்டு தடவை படித்தார். அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் முதல் வசவு வந்தது. அடுத்தடுத்து வசவுகள் வந்தபடி இருந்தன. அவர் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. முடிச்செல்லாம் போய் வெறும் பேராகிவிட்ட பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆறு மாசமுங்க அம்மணி. தம்படி மிச்சமில்லாமப் போயிருச்சு.”

“எடுக்கறதுக்கு எவ்வளவு நேரமாச்சுங்கண்ணா?”

“ஒரு கால்மணி நேரம் இருக்குங்க.”

“மூணாம் ஆத்து ஆமைக்கு ரெண்டு அடி கொறைங்கன்னு போன வருசம் சொன்னேன். அதுக்கு எங்கூட எத்தனை நாளு சண்டை போட்டீங்க?”

“ஒம்பது நாளுங்க,” என்றார் சென்னியப்பன்.